மட்டையில் உரசிய பந்து

ஆல்ரவுண்டராக நான் ஆடிய காலம். தென்காசி மைதானத்தில் குற்றாலத்துச் சாரல் காற்று இரைந்துகொண்டிருந்தது. முருகன் வீசிய பந்து என் மட்டையில் உரசி கீப்பரின் கையில் சிக்கியது. காற்றில் அந்தச் சத்தம் அம்பயருக்குக் கேட்கவில்லை. அந்த ஒரு விக்கெட் எடுத்தால் முருகனுக்கு மாவட்ட அணியில் இடம். அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போக இருந்தான்.

“அண்ணாச்சி, பட்டுச்சா? நீங்க சொன்னாப் போதும்.”

“இல்லலே, படல.”

“அப்பஞ் சரி,” என்று சிரித்தபடி திரும்பினான். நான் சதம் அடித்தேன். அவனை மாவட்ட அணியில் எடுக்கவில்லை.

இப்போது நான் பயிற்சியாளன். போன வாரம் முருகன் தன் ஆட்டோவில் மகளைக் கூட்டிவந்து என்னிடம் சேர்த்தான்.

“ஏட்டி, அண்ணாச்சிகிட்ட ஆட்டத்த மட்டும் படிக்காத. அவுட்டுன்னா அவரே சொல்லிட்டுப் போயிருவாரு. அப்பேர்ப்பட்ட ஆளு.”

மகள் முன்னால் அவன் மனம் உடையக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த முறையும் நான் காப்பாற்றியது என்னைத்தான்.