மண்சரிவு டீச்சர்

முகாமில் அவளுக்கு 'மண்சரிவு டீச்சர்' என்று பெயர் வந்தது கேலியாகத்தான். டுட்டோரியல் ஒன்றில் பதினாறு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். உச்சரிப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டுட்டோரியலை இழுத்து மூடியபின் ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். "சுவருக்குப் பாடம் எடுத்தது போதும், கிளம்பு" என்று பஸ் கண்டக்டரான கணவர்தான் இந்த முகாம் வேலைக்கு விண்ணப்பம் வாங்கிவந்தார்.

மலைச்சரிவில் இருந்த தொழிலாளர் குடியிருப்பு ஒரே மழையில் அப்படியே இறங்கிப் போயிருந்தது. மிஞ்சியவர்களைப் பழைய துணிக்கிடங்கில் தங்கவைத்திருந்தார்கள். கயிற்றில் தொங்கும் போர்வைதான் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சுவர். பெரியவர்கள் ஆங்கிலம் கற்றால் எங்காவது வேலை கிடைக்கும் என்று மேலே யாரோ முடிவு செய்திருந்தார்கள். அனுப்பிய புத்தகத்தைப் பிரித்தால், முதல் பாடமே இயற்கைப் பேரழிவுகள், அதிலும் முதலில் மண்சரிவு. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம்.

"டீச்சர், இதப் படிச்சுத்தான் நாங்க தெரிஞ்சுக்கணுமா?" என்றார் தையல்காரம்மா.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு விழுந்ததுதான் அந்தப் பெயர்.

தையல்காரம்மாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மண் சரிந்தபோது அவர் தையல் கம்பெனியில் மிஷினில் இருந்தார். வீட்டில் இருந்த கணவரை மறுநாள் பிணமாக எடுத்தார்கள். மகளை எடுக்கவே இல்லை.

இரண்டு மாதம் போனபின் முகாம் அதிகாரி டீச்சரைக் கூப்பிட்டார். "வெளிநாட்டுல இருந்து உதவிக்குழு வருதும்மா. வீடு கட்டித் தர்றவங்க. நம்ம ஆளுங்க ஒருத்தராவது இங்கிலீஷ்லயே நடந்தத சொன்னா, அவங்க மனசு இளகும்."

டீச்சர் அதை அப்படியே நம்பினாள். நம்பியதோடு நில்லாமல், "வாயத் தொறந்து சொன்னா வீடு வரும்" என்று வகுப்பில் வேறு சொல்லிவைத்தாள். யாரும் அசையவில்லை. கடைசியில் தையல்காரம்மாதான் எழுந்தார்.

மொத்தம் ஏழு வாக்கியம். ஆறு சரியாக வந்தது. நான்காவதில் மட்டும், தன் மகள் உள்ளே இருக்கிறாள் என்றே சொல்வார்.

"'இஸ்' இல்லக்கா, 'வாஸ்'. நடந்து முடிஞ்சதில்லயா?"

"வாஸ்" என்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் 'இஸ்' வந்து நிற்கும். டீச்சர் சளைக்காமல் பத்து நாள் திருத்தினாள். பதினோராம் நாள் அவர் தடுமாறாமல் 'வாஸ்' என்றார். டீச்சர் சந்தோஷத்தில் கைதட்டினாள். அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்து, பின்னால் அவள் எத்தனையோ முறை பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோயிருக்கிறாள்.

குழு வந்தது. தையல்காரம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்று, ஏழு வாக்கியத்தையும் பிசகாமல் சொன்னார். வந்திருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, இவ்வளவு நன்றாகப் பேச எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டாள். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். போனார்கள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வீடுகள் வேறு முகாமுக்கு. இங்கே ஆங்கில வகுப்பு அருமையாக நடப்பதால் அதை இன்னும் இரண்டு வருடம் நடத்த உதவி. கூடவே ஒரு கட்டுப் புதுப் புத்தகம்.

அதைத் தையல்காரம்மாவிடம் சொல்ல டீச்சரே போனாள். போர்வைத் தடுப்புக்குள் அவர் கிழிந்த தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, ஊசியை உறையிலேயே குத்திவைத்தார்.

"நான் எங்கயாவது தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?"

"இல்லக்கா. ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம் ஏன்?"

டீச்சர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

அடுத்த வாரம் தையல்காரம்மா தங்கை வீட்டோடு போய்விட்டார். புத்தகத்தைப் பாயின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். "இதுல உன் தப்பு என்ன இருக்கு?" என்று டீச்சரின் கணவர் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனார். வேலையை விட்டுவிடுவதாக அவளும் பலமுறை சொன்னாள். விடவில்லை. விட்டால் மறுபடி அந்த வீடு, அந்தச் சுவர்.

இப்போது வகுப்பில் நான்கு பேர். புயல் பாடம் நடக்கிறது. யாராவது தனக்கு நடந்ததைச் சொல்ல வாயெடுத்தால் டீச்சர் அவசரமாகக் கையைத் தூக்கிவிடுகிறாள்.

"வேண்டாம். புத்தகத்துல இருக்கறத மட்டும் படிங்க."