புத்தகத்தின் மேல் யாரும் உட்கார மாட்டார்கள்

புதுக்கோட்டையிலிருந்து காலையில் குன்றாண்டார்கோவில் போகிற பஸ்ஸில் உட்கார இடம் வேண்டுமென்றால் ஒரே வழிதான். பஸ் வந்து நிற்கும்போதே ஜன்னல் வழியாக எதையாவது சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டவருக்கு சீட்டு. இந்தச் சட்டத்தை யார் எழுதினார்களோ தெரியாது, ஊரே மதிக்கிறது. மதிக்காத மகராசிகளும் உண்டு. நான் கர்ச்சீப் போட்ட காலத்தில் அதை எடுத்து முன் சீட்டுக் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, ஒன்றுமே தெரியாதவர்கள் மாதிரி வெளியே வேடிக்கை பார்ப்பார்கள். கேட்டால், காற்றில் பறந்திருக்கும் என்பார்கள். சாப்பாட்டுப் பையைப் போட்டுப் பார்த்தேன். ரசம் கொட்டி, அன்று நான் வேலை பார்க்கிற ஒன்றிய அலுவலகம் முழுக்க ஒரே பூண்டு வாசம்.

அதற்குப் பிறகுதான் புத்தகம் போட ஆரம்பித்தேன். வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஊரில் புத்தகக் கண்காட்சி போட்டால் போதும், நான் இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு வருவேன். வாங்கும்போது அத்தனையையும் படித்துக் கிழித்துவிடுகிற வேகம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவை அலமாரிக்குள் போகும், அத்தோடு சரி. அலமாரிக்கு இந்த வருசப் பசி அடங்கியதா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நான் முறைப்பேன். வேறென்ன செய்ய?

அலமாரியில் இருந்ததிலேயே தடியான நாவலைத் தேர்ந்தெடுத்தேன். பலித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தெரியாமல் காகிதத்தை மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட ஜனம் புத்தகத்தின் மேல் உட்காருமா? நகர்த்தி வைக்கக்கூடத் தயங்கினார்கள். பல மாதம் அந்த நாவல் எனக்கு ஜம்மென்று ஜன்னலோர சீட்டு பிடித்துக் கொடுத்தது. நான் அதை ஒரு பக்கம்கூடப் பிரித்ததில்லை.

ஒரு நாள் புத்தகத்தைப் போட்டுவிட்டு, கூட்டத்தில் இடிபட்டு ஏறிப் போய்ப் பார்த்தால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் என் நாவல் விரிந்து கிடந்தது. என்னைவிட இளையவள். என் இடம் காலியாகத்தான் இருந்தது. யாராவது கைதவறித் தண்ணீர் கொட்டிவிடப் போகிறார்கள் என்று எடுத்து வைத்தாளாம். வைத்தவள் சும்மா இருக்காமல் படித்தும் விட்டாள். தொடக்கத்திலேயே கிணற்றுத் தகராறில் கோபித்துக்கொண்டு அண்ணன்காரன் ஊரைவிட்டுப் போகிற இடம். அவன் திரும்பி வருவானா என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு எந்த அண்ணன், எந்தக் கிணறு என்றே தெரியாது. இன்னும் படிக்கவில்லை என்றேன். அவள் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இத சீட்டுப் பிடிக்க மட்டுந்தான் வச்சிருக்கீங்களாக்கா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பஸ் கிளம்பியதும் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் படித்தால் தலை சுற்றி வாந்தி வந்துவிடுமாம். வீட்டில் படித்துவிட்டு வந்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றாள். ரோசத்தில் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்று சாயந்திரம் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, அடுப்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தேன். ஒரு அத்தியாயம். மறுநாள் சொன்னேன். அதற்கடுத்த நாள் அவள் எனக்கு முன்னால் வந்து, எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைத்திருந்தாள்.

கட்டுமாவடிக்காரி அவள். வாப்பா அங்கே மீன் வியாபாரம், மாப்பிள்ளை குவைத்தில். கீரனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. அதனால் கீரனூர் வந்தால் கதை நின்றுவிடும். நாவலில் தம்பி பொண்டாட்டி வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் கண்டக்டர் விசிலடிப்பார். இவள் படியில் நின்றுகொண்டு, மிச்சம் நாளைக்கு என்று விரலாட்டிவிட்டு இறங்குவாள்.

ஒருமுறை ஆவலில் இரண்டு அத்தியாயம் சேர்த்துப் படித்துவிட்டேன். நான் வாயே திறக்கவில்லை, கண்டுபிடித்துவிட்டாள். "முன்னாடியே படிச்சுட்டு வராதீங்கக்கா. ஒங்க மொகத்துலயே தெரியுது. நல்லது நடக்கப்போகுதா கெட்டது நடக்கப்போகுதான்னு எனக்கு வெளங்கிருது."

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு அத்தியாயம்தான் என்று ஒப்பந்தம். அடடா, எவ்வளவு கஷ்டம் தெரியுமா? புத்தகத்தைத் திறக்கவே வலிக்கும் எனக்கு, இப்போது மூடத்தான் வலித்தது. குக்கரில் விசில் வந்தால் கை தானாகப் புத்தகத்தைத் தேடியது. அடுப்படியில் படிக்கிற பெண்டாட்டியை வீட்டுக்காரர் கொஞ்ச நாள் கேலி செய்தார். அப்புறம் அந்த நேரத்தில் அவரே வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கதை கடைசிப் பகுதிக்கு வந்திருந்தது. அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, கிணறு வற்றிக் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு விசா வந்தது. மாப்பிள்ளையோடு போய் இருக்கப் போகிறாள். நல்ல சேதிதான், வாயார வாழ்த்தினேன். மனசுக்குள் ஒரே எரிச்சல். இந்த விசா இன்னும் பத்துப் பதினைந்து நாள் கழித்து வந்தால் என்ன கெட்டுவிடும்? மீதியை வேகமாகப் படித்துச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கதையை அப்படி அள்ளிப் போட்டுக்கொண்டு முழுங்கக் கூடாதாம்.

கடைசி நாள் கீரனூர் வந்தபோது என்ன நினைத்தேனோ, புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அங்கே போய்ப் படித்து முடிவை எனக்குப் போனில் சொல்ல வேண்டும் என்றேன். "கண்டிப்பாச் சொல்றேன்க்கா, வாரேன்" என்று இறங்கிப் போனாள்.

பிறகு சத்தமே இல்லை. புது வீடு, புது ஊர், அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு பிரதி வாங்கிப் படித்துக்கொள்ளேன் என்றார் வீட்டுக்காரர். எனக்குத் தெரியாதா அது? முடிவைத் தெரிந்துகொள்வதா பெரிய விஷயம்? அவள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். நானே வாங்கிப் படித்துவிட்டால், அவள் சொல்ல மாட்டாள் என்று நான் முடிவு கட்டியதாக ஆகிவிடாதா?

அலமாரியிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து சீட்டுக்குப் போட்டேன். பக்கத்து சீட்டில் யார் யாரோ வந்தார்கள், போனில் மூழ்கினார்கள். கதை சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் சாயந்திரம் குக்கர் வைத்தால் நாற்காலி போட்டு ஒரு அத்தியாயம் படிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் புத்தகம் முடிந்து, அதற்கடுத்ததும் பாதி வந்துவிட்டது.

போன வாரம் பஸ்ஸில் போகும்போது வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நீளமான செய்தி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

"அக்கா, நான் முடிச்சுட்டேன். அண்ணன் வந்தானா இல்லையான்னு இப்பச் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயந்தான். எம்மொகத்தப் பாத்துக் கண்டுபிடிக்கவும் ஒங்களால முடியாதுல்ல?"

தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். பக்கத்திலிருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கீரனூர் வந்தபோது செய்தியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நிறுத்திவிட்டு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.