அழிக்கச் சொன்ன பேர்

கொட்டாஞ்சேனை உமாசுதன் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். போன வருடம் ‘ஈஸ்டர்ன் லில்லி’ என்ற கப்பலின் எண்ணெய்த் தாங்கிக்குள் பெயின்ட் அடிக்க இறங்கிய அவனுடைய தம்பி மூச்சுமுட்டிச் செத்தான். வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குள் கப்பல் கைமாறி, புதுப் பேருக்கும் புது நிறத்துக்கும் வந்து நின்றது. முகப்பில் வெல்ட் செய்திருந்த பழைய எழுத்துகளைக் கிரைண்டரால் தேய்த்தெடுத்தால்தான் பெயின்ட் அவற்றின் தடத்தை மறைக்கும்.

“தேய்க்கச் சொன்னேனே, என்னத்தப் பாத்துட்டு நிக்கிற?” என்றார் மேற்பார்வையாளர் ஹாஷிம்.

“என்ர தம்பியைத் தின்ற பேர் சேர் இது. கோர்ட்டில வேற எதைக் காட்டுறது? நான் தொடமாட்டன்.”

“பெயின்ட்காரனுக்கு லோயர் கதை! ரிஸ்கான், நீ ஏறு.”

கூட வேலை செய்யும் ரிஸ்கான் கிரைண்டரோடு தலை நிமிராமல் சாரத்தில் ஏறினான். தீப்பொறி பறந்தது. எழுத்துகள் போகப் போக, கீழே நின்ற உமாசுதன் அந்தப் பேரைத் தொண்டை கிழியக் கத்தினான்.