கால் வயிற்று அப்பாவோடு செம்பூர் விருந்துக்கு

ரூபி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்கு இதில் எது உபயோகப்படுமோ அதை நீயே வாயால் சொல்லிவிடு. தாள் மட்டும் எங்கள் தாராவி ஆட்கள் யார் கையிலும் சிக்கக்கூடாது. என் அம்மா தம்பிப் பாப்பாவோடு பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். அரிக்கேன் விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்டாயே, இந்த ஆபரேஷன் ஆனவர்களை வெளியே எங்காவது கூட்டிப்போக முடியுமா என்று? இன்று ஈஸ்டர். அப்பாவை நான் செம்பூர் வரை கூட்டிப்போய்விட்டு வந்தேன். முடியும் என்று எழுதுவதா முடியாது என்று எழுதுவதா, எனக்கே தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பற்றி. வயிற்றுப்புண் முற்றிவிட்டதால் அப்பாவின் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதி கால் வயிறுதான். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. இனிப்பு கூடவே கூடாது; மீறினால் வேர்த்துக்கொட்டி மயக்கம் வரும், படுத்தால்தான் தெளியும். உன் அம்மாவுக்கும் இந்த ஆபரேஷன் முடிந்ததும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் தோல் பட்டறையில் ஈரத்தோலைத் தனியாகத் தூக்கிப் போட்ட என் அப்பா, சட்டைக்குள்ளே எங்கோ தொலைந்துபோன மாதிரி ஆகிவிடுவார் என்று யாரும் சொல்லவில்லை. சிலர் "இப்பதான் ஆளு பாக்க லெச்சணமா இருக்கீரு" என்கிறார்கள். சிலர் உச்சுக்கொட்டுகிறார்கள். சில நாள் விடியற்காலையில் அவர் முதுகைப் பார்த்து, யாரோ வேற்றாள் வீட்டுக்குள் வந்துவிட்டதாகப் பயந்திருக்கிறேன்.

ஆபரேஷன் நடந்ததை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சள்காமாலை என்று சொல்லிவைத்தோம். "வயித்துல கத்தி பட்டவன்னு தெரிஞ்சா எவன் வேல குடுப்பான்?" என்பது அப்பாவின் பேச்சு. நல்லவேளையாக ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் வந்தன. சபையில் பாதிப் பேர் அந்த நாற்பது நாளும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தார்கள். அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் "லெந்துல்லா" என்று கையை எடுத்துக்கொள்வார். ஒருவரும் சந்தேகப்படவில்லை. செம்பூர்ப் பெரியப்பா ஜெபக்கூட்டத்தில் எழுந்து, "உபவாசம்னா நம்ம அருளப்பன்ட்ட படிங்கடே" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அது அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அந்தப் பெரியப்பா எங்களுக்குச் சொந்தமில்லை, ஊர்க்காரர். செம்பூரில் ஒரு கம்பெனியில் மேஸ்திரி. அங்கே குடோன் சாவி வைத்திருக்கும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. பாரம் தூக்க வேண்டியதில்லை. முன்பு இருந்த ஆள் குடித்துவிட்டு வந்ததால் துரத்திவிட்டார்களாம். பெரியப்பா ஈஸ்டர் விருந்துக்கு அப்பாவைக் கூப்பிட்டதே ஆளைப் பார்த்து முடிவு சொல்லத்தான். லெந்து முடிந்துவிட்டது. இனி என்ன சொல்லிக் கையை எடுப்பது? அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

விடியற்காலை ஆராதனை முடிந்து எட்டு மணிக்குப் புறப்பட்டோம். அம்மா பாப்பாவை விட்டு வர முடியாததால் நான் போனேன். பையில் ஒரு டப்பா குழைந்த சோறு, ஒரு போர்வை. சயான் ஸ்டேஷன் கிட்டேதான், ஆனால் குர்லாவில் வண்டி மாற வேண்டும், அந்தக் கூட்டத்தில் யார் முழங்கையாவது தழும்பில் பட்டுவிடும். அதனால் கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்தோம். நான் தனியாக நடந்தால் அரை மணி. அப்பாவோடு ஒரு மணிக்குக் கொஞ்சம் குறைவு. உன் அம்மாவோடு போகும்போது இந்த வித்தியாசத்தைக் கணக்கில் வைத்துக்கொள்.

மாட்டுங்காவில் அப்பா முன்பு வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பரிமாறுகிற அண்ணா அப்பாவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார். கேட்காமலே எட்டு இட்லியைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளினார்.

"என்ன ஓய், எட்டு வச்சா பத்து கேப்பேள். ஒண்ணோட எழுந்தா நாங்க கடைய மூட வேண்டியதுதான்."

"லெந்து" என்றார் அப்பா, பழக்கத்தில்.

அவருக்கு அது என்னவென்று புரியவில்லை, தலையாட்டிவிட்டுப் போனார். நான்தான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். காலையில்தானே உயிர்த்தெழுந்த பாட்டெல்லாம் பாடிவிட்டு வந்தோம்? அப்பா வேண்டுமென்று சொன்னாரா, மறந்துவிட்டாரா? நான் ஐந்து இட்லி தின்றேன். இரண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டோம்.

கிங்ஸ் சர்க்கிளில் வண்டி ஏறி வடாலாவில் இறங்கி, செம்பூர் வண்டிக்கு மாற வேண்டும். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு இருபது பைசா. வடாலாவில் இருபத்தைந்து நிமிடம் உட்கார இடம் கிடைத்தது. பதினொரு மணிச் சாப்பாட்டை அங்கேயே முடித்திருக்க வேண்டும். "விருந்துக்குப் போறோம், எதுக்கு?" என்று அப்பா டப்பாவைத் திறக்கவிடவில்லை. அது முதல் தப்பு. பசியோடு பந்தியில் உட்கார வைக்காதே.

பெரியப்பா வீடு செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடையில் ஒரு லைன் வீடு. பந்திப்பாய் விரித்து ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா அப்பா இலையில் சோற்றை மலையாகக் கொட்டினாள்.

"நாப்பது நாளு காஞ்ச வயிறு. எலையில ஒரு பருக்க இருக்கப்பிடாது, ஆமா."

"போதும் மைனி."

"எது போதும்? எங்க கறி ஒமக்கு எறங்காதோ?"

பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவும் அவரைப் பார்த்தார். பிறகு சாப்பிட ஆரம்பித்தார். ஆட்டுக்கறி, சோறு, மறுபடி சோறு. அதன்மேல் பாசிப்பருப்புப் பாயாசம் இரண்டு டம்ளர். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் இலையை வழித்துச் சாப்பிட்ட அந்த ஆள் என் பழைய அப்பா மாதிரியே இருந்தார் ரூபி. அதனால் நான் சும்மா இருந்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் அது வந்தது. முதலில் நெற்றியில் வேர்வை, பிறகு சட்டை முழுக்க. முகம் வெளுத்துவிட்டது. கை கழுவ எழுந்தவர் இரண்டு பக்கமும் தள்ளாடி, கதவு நிலையைப் பிடித்தார். பேச்சு குழறியது. பாயில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "வார வழியில எங்கயோ ஊத்திருக்கான்வே. பண்டிகல்லா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியப்பா எழுந்து வந்து அப்பாவின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் குடிகாரன் என்று ஆகி, அப்போதும் வேலை போகும். எது சரி என்று யோசிக்க நேரமில்லை. என் வாய் பேசிவிட்டது.

"பெரியப்பா, அப்பா குடிக்கல. அப்பாவுக்கு வயிறு இல்ல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "கொஞ்சந்தான் இருக்கு. மிச்சத்த ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. இப்ப படுக்க வச்சா சரியாயிரும்" என்றேன். போர்வையை விரித்தேன். அப்பா படுத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"அப்ப காமாலன்னது?" என்றார் பெரியப்பா. நான் அப்பாவின் நெற்றி வேர்வையைத் துடைத்தேன். "லெந்துல பட்டினி கெடந்தது?"

"அதுவும் இதுதான், பெரியப்பா."

அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்த உபவாசத்தைத்தானே சபை முன்னால் புகழ்ந்தார்? பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "நாந்தானங்க ஊட்டி ஊட்டிக் கொல்லப் பாத்தேன்" என்றாள்.

அரை மணியில் அப்பாவுக்குத் தெளிந்துவிட்டது. பெரியப்பா அவரிடம் பேசாமல் என்னிடம் கேட்டார். எத்தனை தடவை சாப்பிட வேண்டும், எப்போது, படுக்க எவ்வளவு நேரம். மத்தியானம் மூணு மணிக்கு ஒரு சாப்பாடு தப்பவே கூடாது என்றேன். "மூணு மணிக்கித்தான் குடோனுக்கு லாரி வரும். எவன் சாப்பாட்டுக்கும் அது நிக்காது" என்றார். வாசல்வரை வந்து, "ராத்திரி தாராவியில ஜெபக்கூட்டம் இருக்கு. முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து முடிவச் சொல்லிட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது வடாலாவில் வண்டிக்கு வெகுநேரம் காத்திருந்தோம். அப்பா திட்டுவார் என்று விலகி உட்கார்ந்தேன். பொட்டலத்து இட்லியில் பாதியைப் பிட்டு நிதானமாக மென்றார். பிறகு, "ஏட்டி, அந்தப் பாயாசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். கோபமா, வருத்தமா? முகத்தைப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. இறங்கும்போது மட்டும், "அம்மைட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாத மக்கா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நீ போகும்போது செய்ய வேண்டியதை எழுதிவிடுகிறேன். வீட்டுச் சாப்பாடு இல்லாமல் கிளம்பாதே. படுக்க ஒரு துணி எடுத்துக்கொள். வேர்த்தால் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவருவார்கள், தடுத்துவிடு. விருந்து வீட்டில் பரிமாறுகிறவளிடம் போனவுடனே ரகசியமாகச் சொல்லிவிடு. பிறகு சொல்வதைவிட அது நல்லது என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. நான் சொன்னது சரியா? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அப்பா நல்ல சட்டையைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். அம்மாவுக்கு இன்னும்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா புரண்டு படுக்கிறாள். பெரியப்பா குரல்தான், மெதுவாக, என் பேரைச் சொல்லி: "எஸ்தரு, முழிச்சிருக்கியா? அந்த மூணு மணிச் சாப்பாட்ட ரெண்டேமுக்காலுக்கு வச்சுக்கிட்டா