கையைக் கேட்கும் ஊரில்

இந்த ஊரில் முதலில் கையைத்தான் கேட்கிறார்கள். மலாக்காவின் பாயா ரும்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி காக் ரொஹானா, அதாவது ரொஹானா அக்கா, குப்பை போட வெளியே வந்தால்கூட வேலிக்கு மேலே கையை நீட்டுவார். என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். சலாம். சிவகங்கைப் பக்கத்தில் நாம் கும்பிடுவது நம் கையை நம் கையோடே சேர்த்து. அடுத்தவர் உள்ளங்கை எப்படி இருக்கிறதென்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை. குணாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த புதிதில் இந்தத் தொடுதல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சொந்தபந்தம் இல்லாத இடத்தில் ஒருத்தி நம்மைத் தொடுகிறாளே என்று இருந்தது. இப்போது அவர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுகிறேன்.

ஒருநாள் வாசல் கேட்டில் வசமாக மாட்டிக்கொண்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். "மாரா கெ?" என்றார், கோபமா என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் "தங்கான் சாக்கிட்" என்றேன். கை வலி என்று சொன்னால் விட்டுவிடுவார் என்று பார்த்தால், பிடித்து இழுத்தே பார்த்துவிட்டார். உள்ளங்கை முழுக்கச் செதில், வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. அவர் முகம் ஒரு கணம் மாறியது. சமைக்கும்போது கொதிக்கும் எண்ணெய் பட்டுவிட்டதென்று அவராகவே முடிவுகட்டி, கடல் அட்டையில் காய்ச்சிய காமாட் எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனால் அடுத்த முறை அவர் விரல் நுனி மட்டுமே என்னைத் தொட்டது.

நானும்தான் வேறென்னவோ என்று நினைத்திருந்தேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கிப் பாத்திரம் கழுவுகிறேன். தோல் உரிந்தால் சோப்பின் மேல் பழிபோட்டேன். மோதிர விரல் முழுசாக வீங்கியபோது கத்தியின் மேல். காலையில் எழுந்தால் கை மூடியபடியே இருக்கும். வெந்நீரில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்த பிறகுதான் மகளுக்குத் தலை பின்ன முடியும்.

குணாவின் அத்தை புலாவ் செபாங்கில் இருக்கிறார், ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மருந்துக்கு அடங்காதும்மா. பாம்புக் குத்தம்லா. தோட்டத்துல எத்தன பேருக்குப் பாத்துட்டேன்" என்றார். வீங்கின விரலைக் காட்டினேன். "அது வேற. அது சுளுக்கு" என்றார். ஆக, தோலுக்கு நாகம்மா, விரலுக்குச் சுளுக்கெடுப்பவர் என்று பாகம் பிரித்தாயிற்று. அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு புற்று. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பால் ஊற்றி, வெடித்த கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டேன்; எரிச்சலில் கண்ணில் நீர் வந்தது. திரும்பும் வழியில் சுளுக்கெடுப்பவர் விரலைப் பிடித்து இழுப்பார். நான் ஒன்றும் அப்பாவியில்லை, பள்ளிக்கூடம் முடித்தவள்தான். ஆனாலும் போனேன். ஊரிலும் இதையேதான் செய்திருப்பார்கள் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியில் விரல் மடங்கியது, பிறகு நிமிரவேயில்லை.

கடைசியில் டவுன் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா, யாழ்ப்பாண வழி வந்தவர், உள்ளங்கையைவிட நகங்களைத்தான் அதிகநேரம் பார்த்தார். ஊசியால் குத்தினாற்போல் நகமெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். காதுக்குப் பின்னால் பார்த்தார், செருப்பைக் கழற்றச் சொன்னார்.

"தோலும் மூட்டும் ரெண்டு வியாதி இல்லம்மா, ஒண்ணுதான். யாருக்கும் ஒட்டாது. ஆனா விட்டா, மூட்டத் தின்னுரும். போனது திரும்ப வராது. இனிமே போகாம பாக்கலாம்" என்றார். பிறகு கேட்டார்: "ஒங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. விரல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்த கை. உழும்போது ஒரு நல்ல பாம்பை அடித்துவிட்டார், அதன் சாபம் என்று ஊரே சொன்னது. கல்யாண வீடுகளில் எல்லோரும் எழுந்தபின் கடைசிப் பந்தியில், ஓர் இலை தள்ளித்தான் உட்காருவார். யாரும் அப்படிச் சொன்னதில்லை, அவராகவே உட்காருவார். சோற்றை உள்ளங்கையால் வழித்துச் சாப்பிடுவார். நான் பார்க்காதது போல் இருப்பேன். பாம்பு ஏதும் செய்யவில்லை அப்பா என்று சொல்ல இப்போது அவர் இல்லை.

கிளினிக் வாசலிலேயே எனக்கு இன்னொன்றும் உறைத்தது. சிவகங்கையில் அண்ணன் மகள் அபிக்கு அடுத்த மாதம் கல்யாணம். போன வாரம் அண்ணன் போனில் சிரித்துக்கொண்டே சொன்னது: "ஒன் மருமகளுக்கு மோதிரமே ஏற மாட்டேங்குது. ஒத்த விரலு மட்டும் கொழுத்துப்போச்சு!"

அன்றே அண்ணனைக் கூப்பிட்டேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். உடனே காட்டினால் அவள் விரல்கள் தப்பிக்கும் என்றேன்.

"அப்பாவுக்கு நடந்தது மறந்துபோச்சா ஒனக்கு?" என்றார் அண்ணன். "மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்? கல்யாணம் முடியட்டும், பாப்போம். நீயும் இந்தக் கையோட வந்து பந்தல்ல நிக்காத. லீவு கெடைக்கலன்னு சொல்லிக்கிறேன்."

அண்ணன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான் என்பது உறுத்தியது. வாயைத் திறந்தால் அவள் கல்யாணம் போகும். மூடினால் அவள் கை போகும். இரண்டு நாள் வாயை மூடித்தான் இருந்தேன். மூன்றாம் நாள் காலை, குளியலறையில் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முடிவு செய்தேன். அபியையே வீடியோவில் அழைத்தேன்.

"காலையில கை மூடிக்கிட்டே இருக்கா அபி?"

அவள் சிரிப்பு நின்றது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

கையைக் காட்டச் சொன்னேன். போனுக்கு அருகே கொண்டுவந்தாள். கொழுத்த ஒற்றை விரல். நகங்களில் குழிகள்.

"மருதாணி வச்சா எல்லாம் மறைஞ்சுரும்னு அம்மா சொல்லுது" என்றாள் மெதுவாக.

என் கையைத் தூக்கிக் காட்டினேன், செதிலோடும் நிமிராத விரலோடும். அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். திரையில் பெரிதாக அவள் கை, மூலையில் சின்னதாக என்னுடையது. சிவகங்கையில் ஒன்று, மலாக்காவில் ஒன்று. இரண்டும் அப்பாவுடையவை.