வசனம் இல்லாத அட்டை

எங்கள் வீட்டில் இரட்சிப்பைப் பற்றிய சண்டை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். பசியோடு யாரும் அதைப் பேசி நான் பார்த்ததில்லை. கறிக்குழம்பும் ரசமும் உள்ளே இறங்கி, கழுவிய கையின் ஈரம் காய்வதற்குள் அப்பா ஒரு நாற்காலியையும் பெரியப்பா ஒரு நாற்காலியையும் பிடித்துக்கொள்வார்கள். மனிதன் தன் சொந்தச் சித்தத்தால் தேவனிடம் வருகிறானா, அல்லது உலகம் உண்டாகும் முன்பே தேவன் ஆளைத் தெரிந்தெடுத்து வைத்துவிட்டாரா? பெரிய பெரிய வேத பண்டிதர்கள் நூற்றாண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டும் முடியாத வழக்கு. கம்பம் ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதம் இரண்டு ஞாயிறு அதற்கு வாய்தா.

அப்பாவும் பெரியப்பாவும் சகலைகள். அம்மாவின் அக்காவைக் கட்டியவர் பெரியப்பா. அல்லிநகரத்தில் வீடு, கரண்டுக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் வேலை. டிரம்ஸ் அடித்துப் பாடுகிற ஒரு புதிய சபைக்குப் போவார். அப்பாவுக்கு உரக்கடை. ஓடு வேய்ந்த பழைய சர்ச்சில் மூன்றாவது பெஞ்சு.

"கரண்டு உன் வீட்டுக் கம்பி வரைக்கும் வந்து நிக்கிது தம்பி. அது கிருபை. சுவிட்ச யாரு போடுறது? நீதான் போடணும்" என்பார் பெரியப்பா.

"பீஸ் போன பல்புக்கு எத்தன சுவிட்ச போட்டாலும் எரியுமாண்ணே? மனுசன் பாவத்துல செத்துக் கெடக்கான். செத்தவன் கை எப்பிடிண்ணே சுவிட்சுக்குப் போகும்?"

"அப்ப உன் கர்த்தர் வேண்டிய பல்ப மட்டும் மாட்டிக்கிட்டு மிச்சத்தக் குப்பையில போட்டாராக்கும்?"

"அது அவரு சித்தம். கேக்க நீங்க யாரு, நான் யாரு?"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். "ரெண்டு பேர்ல யாராச்சும் எந்திரிச்சு வந்து இங்கன பீஸ் போன பல்ப மாத்திக் குடுங்க. ஒரு வாரமா இருட்டுல சோறு வடிக்கிறேன்." யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். லைன்மேன் உட்பட.

இந்த வழக்கில் இருவருக்கும் ஒரே சாட்சி, மாமா. அம்மாவின் தம்பி. குமுளி மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். குடிப்பார். அழுது மனந்திரும்புவார். மறுபடி குடிப்பார். குழந்தையில் எங்கள் சர்ச்சில் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஒரு ஞானஸ்நானம், பெரியவரான பிறகு பெரியப்பா சபையில் ஆற்றில் முக்கி எடுத்து இன்னொரு ஞானஸ்நானம் என்று இரண்டு பக்கமும் நனைந்தவர். அதனால், "நம்ம மாப்ளையவே எடுத்துக்குவோம்" என்று அப்பா தொடங்குவார். உண்மையாக இரட்சிக்கப்பட்டவன் திரும்பக் குடிப்பானா என்பது அப்பாவின் கேள்வி. இரட்சிக்கப்பட்டான், பிறகு இழந்துவிட்டான், மறுபடி பிடித்துக்கொள்ளலாம் என்பது பெரியப்பாவின் பதில். சாட்சி தரையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் சாட்சி வாயைத் திறந்தது.

"மச்சான், ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நீங்க சொல்ற அந்த லிஸ்ட்ல என் பேரு இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லிருங்க."

"அது எனக்கு எப்பிடிரா தெரியும் மாப்ள? கடைசி வரைக்கும் நின்னுட்டா, இருந்துச்சுன்னு அர்த்தம்" என்றார் அப்பா.

"உன் பேர எழுதுற பேனா உன் கையிலதான்டா இருக்கு" என்றார் பெரியப்பா.

மாமா தன் கையை நீட்டிப் பார்த்தார். "இந்தக் கைதான் காலையில நடுங்குதே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். மாமா பேசினால் சிரிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

எனக்கு அப்போது பாவாடை கட்டுகிற பதினொரு வயது. அந்த வருஷம் ஆவணியில் மாமா குடியை நிறுத்தினார். ஒரு மாதம் தாண்டியது, இரண்டு மாதம் தாண்டியது. அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நாளை எண்ணினாள். கிறிஸ்துமஸ் வந்தபோது மாமா அம்மாவிடம் மட்டும் ஒன்று சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்றதால் எனக்கும் அது கிடைத்தது. "வருசப் பொறப்புக்கு நானும் சர்ச்சுக்கு வாறேன்க்கா. நானும் ஒரு வாக்குத்தத்தம் எடுக்குறேன். எனக்குன்னு என்ன வருதுன்னு பாப்பம். நல்லதா ஒண்ணு வந்துச்சுன்னா, நான் லிஸ்ட்ல இருக்கேன்னு எடுத்துக்குவேன்."

வாக்குத்தத்தம் எடுப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய காரியம். வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும், சின்ன அட்டைகளில் அட்டைக்கொரு வசனம் அச்சிட்டு, கவிழ்த்துத் தாம்பாளத்தில் பரப்பி வைப்பார்கள். வரிசையில் போய்க் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அது அந்த வருஷத்துக்குக் கர்த்தர் உங்களுக்கென்று தந்த வார்த்தை. பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்து, டிசம்பர் வரை அதைப் பார்த்துத்தான் தலை சீவுவோம். இதிலும் சகலைகள் இருவருக்கும் அவரவர் வழி. அப்பா கண்ணை மூடி, விரலில் முதலில் படுவதை எடுத்துவிடுவார், எல்லாம் முன்குறித்தபடி. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டே அரை நிமிஷம் துழாவுவார், சுயசித்தத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். துழாவித் துழாவிக் கடைசியில் தட்டின் வலது ஓரத்தில்தான் வந்து நிற்பார். மூன்று வருஷமாகக் கவனித்து வைத்திருந்தேன். படிப்பில் இந்தக் கவனம் இருந்திருந்தால் நான் இன்று வேறு ஆளாக இருந்திருப்பேன்.

அட்டைகள் சிவகாசியிலிருந்து பெரிய தாள்களாக வரும். வெட்டுகிற வேலை அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும். அந்த வருஷம் கடைசித் தாளின் கீழ்வரிசையில் பூ பார்டர் மட்டும் அச்சாகி, நடுவில் எழுத்தே இல்லாமல் நாலைந்து கட்டங்கள் இருந்தன. தள்ளிப்போட்ட குப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நான் ஒழுங்காக வெட்டிப் பத்திரப்படுத்தினேன். திட்டம் பெரியப்பாவுக்கு. எழுதாத அட்டை வந்தால் சுயசித்தக்காரர் என்ன பிரசங்கம் செய்வார் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு பள்ளியில் உயரமான பிள்ளை என்று எங்கள் வரிசைக்குத் தட்டுப் பிடிக்க என்னையே நிறுத்தினார்கள். சாத்தான் எப்போதும் வசதி செய்து கொடுத்துவிடுகிறான்.

பெரியப்பா சபையில் புத்தாண்டு ஆராதனை முந்தின இரவே முடிந்துவிடுவதால், வழக்கம்போல அன்று காலையும் அவர் குடும்பம் எங்கள் சர்ச்சுக்கு வந்திருந்தது. வெள்ளை அட்டையை வலது ஓரத்தில் என் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா வந்தார், தொட்டார், எடுத்தார், போனார். அடுத்தது மாமா. அவருக்குப் பின்னால் பெரியப்பா.

மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கோடுகள்கூட இன்னும் நீங்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. கை தட்டின் இடது பக்கத்துக்கு மேலே வந்து அப்படியே நின்றது.

அந்த நொடியில்தான் எனக்கு வேறொரு யோசனை வந்தது. பெரியப்பா கையில் இது போனால் பிரசங்கம்தான் வரும். மாமா கையில் போனால் சிரிப்பு வரும். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி வருஷம் முழுக்க எங்களைச் சிரிக்க வைப்பார். எனக்கு எல்லோரையும்விட மாமாவைத்தான் பிடிக்கும். பிடித்ததனால்தான் அவரைத் தெரிந்தெடுத்தேன். தட்டைச் சத்தமில்லாமல் பாதி வட்டம் சுற்றினேன். வெள்ளை அட்டை அவர் விரலுக்கு நேர் கீழே வந்து நின்றது.

எடுத்தார். கண்ணைத் திறந்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே கையால் ஒருமுறை அழுத்திக்கொண்டு நகர்ந்தார்.

வீட்டில் கேசரியோடு அட்டை வாசிப்பு நடந்தது. மூட்டுவலிக்காரியான பெரியம்மாவுக்கு ஓட்டத்தைப் பற்றிய வசனம் வந்திருந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், "உனக்கு என்னடா வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள். அவள் குரலில் நாலு மாத நாள் எண்ணிக்கை இருந்தது.

மாமா அட்டையை மேஜைமேல் வைத்தார். "எனக்கு ஒண்ணும் எழுதலக்கா."

அப்புறம் நடந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. முன்குறித்தல் கட்சிக்காரரான அப்பா அவசரமாக எழுந்தார். "அட, அச்சாபீஸ்காரன் செஞ்ச தப்பு இது! எந்திரி மாப்ள, தட்டு இன்னும் அங்கனதான் இருக்கும். வேற ஒண்ணு எடுத்துக்குவோம்."

"அதெப்பிடி தம்பி? கர்த்தர் காரணமில்லாம ஒண்ணக் குடுப்பாரா?" என்றார் சுயசித்தக்காரப் பெரியப்பா. ஒரே அட்டையில் இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டார்கள். அதைக்கூடக் கவனிக்காமல் சண்டையைத் தொடங்கினார்கள்.

மாமா நடுவில் மெதுவாகச் சொன்னார். "வேண்டாம் மச்சான். ரெண்டாவது எடுத்தா அது நானா எடுத்தது. மொதல்ல வந்ததுதான எனக்குன்னு வந்தது. நீங்கதான சொன்னீக?" பிறகு மலைமேலிருந்து கொண்டுவந்த மலையாளத்தில், "சாரமில்ல" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். ட்ரிப் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் கேசரி இருந்தது என்பது உண்மைதான். விழுங்க எவ்வளவு நேரம் ஆகும்? விழுங்கினேன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன். அம்மாவின் கரண்டி பயம் ஒரு பக்கம். இத்தனை நல்ல வேடிக்கையை மாமா கெடுத்துவிட்டாரே என்ற வருத்தம் இன்னொரு பக்கம்.

பொங்கலுக்கு முன்பே அவர் மறுபடி குடித்தார். அட்டையால்தானா என்று யார் சொல்ல முடியும்? குடிக்கிறவருக்குக் காரணங்கள் நிறைய உண்டு என்று எனக்கு நானே பல வருஷம் வக்கீலாக இருந்து வாதாடியிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் தட்டுப் பக்கமே வரவில்லை. ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் சர்ச்சுக்கு வருவார். அட்டை எடுக்க வரிசை எழும்போது வெளியே ஜீப்புக்குப் போய்விடுவார். கூப்பிட்டால், "எனக்குத்தான் வந்துருச்சே" என்பார். போன வருஷம் அவரை அடக்கம் பண்ணினோம். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே குடையின்கீழ் நின்றார்கள்.

நான் சொல்லவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியாவது இருந்திருந்தால் கோழை என்ற ஒரு பெயரோடு போயிருக்கும். சொன்னேன். அதே வருஷம் தவக்காலத்தில், ஞாயிறு பள்ளி டீச்சர் நரகத்தை நுணுக்கமாக விவரித்த வாரம் அது. மாமாவுக்காக அல்ல, என் தோலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போனேன். ஸ்கூல் விட்டு வரும் வழியில் ஜீப் புளியமரத்தடியில் நின்றது. மாமா ஸ்டியரிங்கில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். அன்று சாராய வாடை இல்லை.

பக்கத்து சீட்டில் ஏறி, முன்கண்ணாடியைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னேன். "மாமா, அந்த எழுதாத அட்டைய நான்தான் தட்டுல வச்சேன். பெரியப்பாவுக்குன்னு வச்சேன். வெளையாட்டுக்கு." தட்டைச் சுற்றியதைச் சொல்லவில்லை. மறந்துபோய் விடவில்லை. அது தொண்டை வரை வந்தது. வைத்தது என்பது குறும்பு. சுற்றியது என்பது வேறு ஏதோ ஒன்று என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

மாமா என் பக்கம் திரும்பினார். பிறகு முகம் விரிந்தது. "நீதான் வச்சியா மருமகளே!" என்றார். எனக்கு உயிர் வந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு குலை பன்னீர் திராட்சையை எடுத்து என் மடியில் போட்டார். போட்டுவிட்டுக் கேட்டார்:

"சரி, நீ வச்ச. பெரியப்பனுக்குன்னுதான் வச்ச. தட்டு நெறைய அட்ட கெடந்துச்சு. நான் கண்ண மூடிக்கிட்டுத்தான எடுத்தேன்? அது எப்பிடி ஆத்தா என் கைக்கு வந்துச்சு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். "எனக்கென்ன மாமா தெரியும்" என்று சொல்லிவிட்டு, திராட்சையைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு இறங்கி ஓடினேன். பாரம் இறங்கிவிட்டது, மன்னிப்பு கிடைத்துவிட்டது, நரகம் தப்பியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கொட்டையைத் துப்பிக்கொண்டே போனேன். அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் எத்தனையோ ஞாயிறு கேட்டும் பதில் கிடைக்காத மனிதர், பதில் தெரிந்த ஒரே ஆளிடம் அன்றைக்கு நேராகக் கேட்டிருக்கிறார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.