உறைந்த இலையைத் தொடக்கூடாது

எனக்கு இரும்புச்சத்துக் காணாது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் என் கணவர் அந்த மரக்கறிக் கூடைக்குப் பதிந்தார். லவால் நகரையும் தாண்டி வடக்கே ஒரு சின்னத் தோட்டம். பனிக்காலம் முழுவதும் அங்கே மரக்கறி வளர்க்கிறார்கள், கிழமைக்கு ஒருக்கால் எங்கள் ரொக்ஸ்பரோவுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள் என்று வேலையிடத்தில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"பனிக்குள்ளை கீரையோ? உங்களை நல்லாப் பேய்க்காட்டியிருக்கிறாங்கள்," என்று சிரித்தேன்.

"பேய்க்காட்டினாலும் பரவாயில்லை. உள்ளை இருக்கிறவர் சாப்பிடட்டும்," என்று என் வயிற்றைப் பார்த்துச் சொன்னார்.

உள்ளே இருந்தவன் எட்டாம் மாதத்தில், நத்தாருக்கு முந்திய கிழமை, மூச்சில்லாமல் பிறந்தான். காரணம் எதுவும் தெரியவில்லை என்றார்கள். நானாகச் சில காரணங்களை வைத்துக்கொண்டேன். வலது பக்கம் திரும்பிப் படுத்தது. வழுக்கும் படியில் அவசரமாக இறங்கியது. ஒருநாள் கீரையைச் சரியாகக் கழுவாமல் சமைத்தது. அவற்றை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இல்லை என்பார்கள், அந்த இல்லையை நான் நம்பமாட்டேன்.

அடக்கச் சடங்கு செய்யும் மலர்ச்சாலையில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். எரிப்பதென்றால் உடனே செய்யலாம். புதைப்பதென்றால் நிலம் உறைந்துவிட்டது, பனி கரையும்வரை பிள்ளையின் பெட்டியைச் சேமக்காலையில் கல்லறைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்வீட்டில் வைத்திருப்பார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். "உமக்கு எது சரியெண்டு படுதோ, அதைச் செய்வம்."

மண்ணுக்குத்தான் என்றேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரையும் மண்ணுக்குள்தான் வைத்தோம். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டுத்தான் திரும்புவோம். ஆனால் அன்றைக்குப் போடுவதற்கு மண் இருக்கவில்லை. சுவாமியார் செபம் சொன்னார், ஒருவர் இரும்புக் கதவைப் பூட்டினார், நாங்கள் வெறுங்கையோடு காரில் ஏறினோம். அன்றிலிருந்து வீட்டில் ஹீற்றர் சத்தம் போடும்போதெல்லாம் ஒரே நினைப்பு. என் பிடிவாதத்தால்தான் பிள்ளை அந்தக் குளிருக்குள் கிடக்கிறான். என் கணவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கதைக்காததை நான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாலு வயது மகளுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. புத்தகங்களில் தேடினேன். பிள்ளைகளிடம் நேராகச் சொல்லவேண்டும் என்று எல்லாவற்றிலும் இருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி செத்துப்போனான், குஞ்சு. இப்ப ஒரு குளிரான வீட்டிலை இருக்கிறான். பனி கரைஞ்சாப்பிறகு நாங்கள் போவம்." அவள் தலையாட்டினாள். விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

கூடைகள் நிற்காமல் வந்தன. நிறுத்தச் சொல்லி எழுத என்னால் முடியவில்லை. பெப்ரவரியில், கூடை எடுக்கும் குடும்பங்கள் விரும்பினால் ஒரு சனிக்கிழமை தோட்டத்தைப் பார்க்க வரலாம் என்று செய்தி வந்தது. மகள் தான் போகும் பிள்ளைக் காப்பகத்தில், கார்டெரியில், எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அதனால் போனோம். அவளுக்கு இரண்டு சோடி காலுறை, மேலதிகக் கையுறை, மேலதிகத் தொப்பி எல்லாம் எடுத்துவைத்தேன். "தோட்டத்துக்கோ வடதுருவத்துக்கோ போறம்?" என்று கணவர் கேட்டார். அவர் பகிடி விட்டுக் கன நாளாகியிருந்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை.

வெள்ளை வெளிக்கு நடுவே நீளமான பொலித்தீன் கூடாரங்கள். தோட்டக்காரி என் வயதுப் பெண். மண் படிந்த காற்சட்டை, காதுவரை இழுத்த தொப்பி. கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டாள். மற்றக் குடும்பங்கள் இன்னும் வந்திருக்கவில்லை. உள்ளேயும் மூச்சு புகையாகத்தான் வந்தது. பாத்திகளின் மேல் வளைந்த கம்பிகள், கம்பிகளின் மேல் மெல்லிய வெள்ளைச் சீலை. பொலித்தீன் ஒரு சட்டை, சீலை இன்னொரு சட்டை, அதற்குமேல் பெரிய சூடு எதுவும் கொடுப்பதில்லை என்றாள்.

ஒரு மூலையில் சீலையைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் கூடையில் வரும் அதே பசளிக்கீரை. இலைகள் கண்ணாடிபோல விறைத்து, கறுத்து, மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தன.

"செத்துப்போச்சு!" என்று மகள் பிரெஞ்சில் கத்தினாள்.

"இல்லை, செல்லம், உறைந்திருக்கிறது. செத்ததும் உறைந்ததும் ஒன்றில்லை. இப்போது தொடக்கூடாது. வெயில் ஏறட்டும், பிறகு வந்து பார்," என்றாள் தோட்டக்காரி. எத்தனை தடவை இதைச் சொல்லியிருப்பாளோ, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

அந்தக் கணத்தில் நான் நினைத்ததை எழுதவும் கூசுகிறது. படித்தவள், பிள்ளையைக் கையில் தூக்கிப் பார்த்தவள், ஆனாலும் நினைத்தேன்.

பக்கத்துக் கொட்டிலில் சூடான சூப் தந்தார்கள். மகள் ஒரு கையால்தான் குடித்தாள். மற்றக் கையுறையைப் பொத்தியே வைத்திருந்தாள். கை குளிருதோ என்று கேட்டேன், இல்லை என்றாள். கழற்றிப் பார்ப்பமோ, வேண்டாமோ என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது வெயில் பொலித்தீனில் நிரம்பியிருந்தது. தோட்டக்காரி சீலையை முழுவதும் சுருட்டினாள். பசளி பச்சையாக, நனைந்து, நேராக நின்றது. காலையில் கிடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மகள் துள்ளினாள். பிறகு என் கோட்டைப் பிடித்து இழுத்துத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, தம்பியும் இப்பிடித்தானே எழும்புவான்? பனி கரைஞ்சாப்பிறகு?"

என் கணவர் முகத்தைப் பொலித்தீன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நானும் ஒண்டு வைச்சிருக்கிறன்," என்று கையுறையை மெல்லத் திறந்தாள். காலையில் யாரும் பார்க்காத நேரம் உறைந்த இலை ஒன்றைக் கிள்ளி உள்ளே வைத்திருக்கிறாள். அது கறுத்த பச்சைத் தண்ணீராகக் கரைந்து விரல்களில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள். "இது ஏன் எழும்பேல்லை?" பிறகு அதையே பிரெஞ்சில் தோட்டக்காரியிடம் கேட்டாள்.

"அதை நீ கிள்ளிவிட்டாய், செல்லம். வேரோடு நிற்கிற இலைதான் எழும்பும்."

மகள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, பாதிப் பதிலும் இருந்தது. இனி ஒளிக்க இடமில்லை. பாத்திக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு அவளுடைய விரல்களை என் சால்வையால் துடைத்தேன்.

"தம்பி எழும்பமாட்டான், குஞ்சு. அவன் உறையேல்லை. செத்துப்போனான்."

"அப்ப ஏன் பனி கரையும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறம்?"

"அவனை மண்ணுக்குள்ளை வைக்கவேணும். இப்ப மண் இறுகிக் கிடக்கு. கிண்டேலாது."

அவள் குனிந்து, வெறுங்கையைப் பாத்தியில் அழுத்தினாள். விரல்கள் இலகுவாக உள்ளே போயின.

"இது இறுகேல்லையே, அம்மா. இஞ்சை வைக்கலாமே."

நானும் கையை வைத்தேன். கறுத்த, ஈரமான, பிடித்தால் பிடியாகிற மண். குளிருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பொலித்தீனும் ஒரு சீலையும் மட்டும். இத்தனை நாளாக நான் இரந்து நின்றது இதுதான், இங்கே கீரைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்போது அழுதேன். மருத்துவமனையில் அழாத அழுகை. கணவர் கதவைத் திறந்து வெளியே போனார்.

தோட்டக்காரிக்குத் தமிழ் விளங்காது. ஆனால் மகள் அவளிடம் பிரெஞ்சில் சொல்லிவிட்டாள்: எங்களுக்கு ஒரு குட்டித்தம்பி இருந்தான், இங்கே இடம் இருக்கிறதா? அவள் சுருட்டிய சீலையைக் கீழே வைத்தாள்.

"எப்போது?" என்று என்னிடம் கேட்டாள்.

"டிசம்பரில்."

"எங்கள் வெளி நிலம் மே தொடங்கும்போதுதான் இளகும்," என்றாள். மகளுடைய கையைத் தன் தண்ணீர்ப் போத்தலால் கழுவிவிட்டாள். ஒரு பிடி மண் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் பைத்தியம் என்று நினைப்பாளோ, கேட்காவிட்டால் பிறகு வருந்துவேனோ. கேட்கவில்லை.

வெளியே கணவர் கூடாரத்தின் ஓரத்தில் பனியைக் காலால் ஒதுக்கி, சப்பாத்தின் குதியால் நிலத்தைக் குத்திக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப, முழுப் பலத்தோடு. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"கல்லு மாதிரிக் கிடக்கு," என்றார். குரல் உடைந்திருந்தது. "ஒரு அங்குலமும் இறங்குதில்லை."

அவரிடம் இருந்தது கோபம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் அவருடைய கையைப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. மகள்தான் வந்து பிடித்தாள்.

இப்போது மார்ச் முடிகிறது. எங்கள் பல்கனியில் போன கோடையில் பச்சைமிளகாய் வைத்த சாடி ஒன்று இருக்கிறது. கார்டெரிக்குப் போகமுதல் மகள் தினமும் அதன் மண் இளகிவிட்டதா என்று விரலைக் குத்திப் பார்க்கிறாள். "இண்டைக்கும் இல்லை," என்று எங்கள் இருவருக்கும் சொல்லிவிட்டுச் சப்பாத்துப் போடுகிறாள். அவள் அழுவதில்லை. அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை அவள் விரல் நகம் மூடுமட்டும் உள்ளே போனது. "அம்மா, வாங்கோ! இளகுது!"

டிசம்பரிலிருந்து நான் கேட்க ஏங்கிய சொல். கேட்டும் நான் பல்கனிக்குப் போகவில்லை. மண் இளகினால் பெட்டியை எடுப்பார்கள், நான் ஒரு பிடி போடவேண்டும், பிறகு அவனுக்குச் செய்வதற்கு எனக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

"கதவைச் சாத்தும், குஞ்சு. குளிர் வருது," என்றேன்.

அவள் இன்னொரு முறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.